இரண்டு முறை வந்த பதினொரு மணி

ஜனவரி 22, 2024, திங்கள்

"அகாய், ரெட்டைப் புள்ளைங்கள்ல முதல் புள்ள ராத்திரி மூணு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது பொறக்குது. மூணு அடிச்சதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளிடறாங்க. அடுத்த புள்ள ரெண்டேகாலுக்குப் பொறக்குது. பதிவேட்டுப்படி யாரு மூத்தவன்?"

ஏழாம் வகுப்பில் சஞ்ஜார் என்னிடம் கேட்ட கேள்வி இது. எங்கள் ஊரில் ஆசிரியரை 'அகாய்' என்றுதான் கூப்பிடுவோம். அந்த நாளில் வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர்காலத்தில் ஒரு முறை கடிகாரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தோம். வகுப்பே சிரித்தது. நான் கரும்பலகையில் இரண்டு நேரத்தையும் எழுதி, "இந்த ரெண்டு எண்ணை மட்டும் வச்சுக்கிட்டு சொல்ல முடியாதுப்பா. கூட ஒரு சேதி வேணும்" என்றேன்.

இன்று அவன் எங்கள் சுரங்கத்தின் கணினிப் பிரிவுத் தலைவன். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற நான் போன இலையுதிர்காலத்திலிருந்து அவனிடம் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். காலையில் போய் உட்கார்ந்ததும் வந்தான்.

"கேட்டீங்களா அகாய்? மார்ச் ஒண்ணுல இருந்து நாடு முழுக்க ஒரே நேரமாம். நம்ம பக்கம் ஒரு மணி நேரம் பின்னால போகுது. என்னோட ரெட்டைப் புள்ளைங்க திரும்ப வந்துட்டாங்க."

சிரித்தேன். பிறகுதான் யோசித்தேன். பிப்ரவரி 29 நள்ளிரவு வந்ததும் கடிகாரம் மறுபடி இரவு பதினொன்றுக்குப் போகும். அந்த ஒரு மணி நேரம் இரண்டு முறை நடக்கும். அதற்கு நான்கு நாள் முன்புதான் எங்கள் சுரங்கத்தின் பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றப் போகிறார்கள். சம்பளம், கிடங்கு, தலைவிளக்குகளைக் கொடுத்து வாங்கும் விளக்கறை எல்லாம் ஒரே குடையின் கீழ்.

எனக்கு அதில் ஒரு பாகம்தான் பெரிது. யார் கீழே இருக்கிறார்கள் என்று காட்டும் திரை. ஒவ்வொரு தொழிலாளியின் தலைவிளக்கிலும் ஒரு சில்லு. ஆட்களை மேலும் கீழும் கொண்டுபோகும் கூண்டில் ஏறி இறங்கும்போது வாசலிலுள்ள கருவி அதைப் படிக்கும். கீழே போனால் பெயர் சிவப்பு, மேலே வந்தால் பச்சை. ஆபத்து என்றால் சிவப்பில் இருப்பவர்களின் விளக்கு மட்டும் சிமிட்டும். "உடனே மேலே வா" என்று அர்த்தம்.

என் மகன் தாஸ்தான் அந்தச் சிவப்புப் பெயர்களில் ஒருவன். மின்பழுது பார்ப்பவன். 29ஆம் தேதி இரவுமுறை யாருக்கு என்று பார்த்தேன். அவனுக்கு.

ஜனவரி 30, செவ்வாய்

பேட்ச் பார்க்கும் வேலை தொடங்கிவிட்டது. மென்பொருளுக்கு அடியில் தரவுத்தளம் இருக்கிறது. வீட்டுக்கு அடித்தளம் போல. அதைச் செய்தவர்கள், பிறகு கண்ணில் பட்ட ஓட்டைகளை அடைக்க அவ்வப்போது பேட்ச் அனுப்புகிறார்கள். நூற்றுக்கு மேல் குவிந்து கிடக்கின்றன.

"எல்லாத்தையும் போட்டுட வேண்டியதுதானே?" என்று மனைவி ஸாவ்ரே கேட்டாள்.

"மருந்துக் கடையில எல்லா மாத்திரையும் நல்லதுக்குத்தான் இருக்கு. எல்லாத்தையும் ஒரே நாள்ல முழுங்குவியா?"

ஒன்று இன்னொன்றோடு சண்டை போடும். போட்ட ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். அதனால் மூன்று குவியல் வைத்திருக்கிறோம்: எடுப்பது, விடுவது, கேட்பது. ஒவ்வொன்றோடும் வரும் குறிப்பைப் படித்துக் குவியல் பிரிப்பது என் வேலை. குறிப்புகள் எல்லாம் எங்கோ தொலைவில், வங்கியிலும் கடையிலும் இருப்பவர்களுக்காக எழுதியவை. "சில சூழல்களில் தவறான முடிவு வரலாம்" என்று இருக்கும். எந்தச் சூழல்? யாருக்குத் தவறு? சொல்லமாட்டார்கள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

அல்மாட்டியிலிருந்து ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் வந்துவிட்டார். வாதிம். முப்பத்தைந்து வயது இருக்கலாம். எங்கள் ஊர்க் காற்றைப் பற்றித் தெரியாமல் மெல்லிய நீலக் கோட்டோடு வந்து இறங்கியிருக்கிறார். பல் தந்தியடிக்கிறது.

"ஒராஸ்பெக் அமனோவிச், இந்த ஊர்ல மனுஷங்க ஏன் பூமிக்கு அடியில வேலை பாக்கறாங்கன்னு இப்பத்தான் புரியுது. அங்கதான் காத்து அடிக்காது!" என்று என்னை முழுப் பெயர் சொல்லி அழைத்துச் சிரித்தார்.

வேலையில் கெட்டிக்காரர். நான் ஒரு வாரம் படித்ததை ஒரு பகலில் படித்தார். தினமும் காலை எட்டு மணிக்கு வீட்டிலிருந்து அழைப்பு வரும். பள்ளிக்குக் கிளம்பும் மகளோடு பேசுவார். அவள் பெயர் வார்யா. பேசும்போது எதிரே இருப்பவரின் முகம்கூட அவருக்குத் தெரியாது.

மாலையில் ஸாவ்ரே கம்பளிக் காலுறை கொடுத்தனுப்பினாள்.

பிப்ரவரி 14, புதன்

நேர மண்டலத்துக்கான பேட்ச் இன்றுதான் வந்தது. அவ்வளவு குறுகிய கால அறிவிப்பு. உலகத்துக்கு நம் ஒரு மணி நேரம் பெரிய விஷயமா என்ன?

குறிப்பில் "பரிந்துரைக்கப்படுகிறது" என்று மட்டும் இருந்தது. "கட்டாயம்" இல்லை. வாதிம் அதை விடுவது பக்கம் தள்ளினார்.

"ஒரு தடவ போட்டா திரும்ப எடுக்க முடியாது. எதுக்கு? மார்ச் ஒண்ணு வந்ததும் அமைப்புல போயி தாஷ்கெண்ட் நேரம்னு மாத்திடலாம், நம்ம புது நேரமும் அதுவும் ஒண்ணுதான். ஒரு சொடுக்கு. ஊர்ல பாதிப் பேரு அதைத்தான் செய்யப்போறான்."

"சரி தம்பி. போன மாசம் பத்து மணிக்குக் கீழ போனவரு, தாஷ்கெண்ட் கணக்குல எத்தன மணிக்குப் போனாரு?"

"ஒன்பதுக்கு."

"அப்ப நேத்துவரைக்கும் உள்ள வரலாறு முழுக்க ஒரு மணி நேரம் சாயும். ஒரு பையன் பரீட்சை எழுதி முடிச்சப்புறம் கேள்வித்தாளை மாத்தின கதைதான்."

கையிலிருந்த சூரியகாந்தி விதையைக் கொறித்து முடித்தார். பிறகு அந்தத் தாளை எடுத்து எடுப்பது குவியலில் வைத்தார். "ஆசிரியர்களோட வாதாடக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க."

ஜெயித்துவிட்ட நிறைவோடு வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் அந்த நிறைவு போய்விட்டது. எதையோ பார்க்காமல் விட்டிருக்கிறேன். எது?

பிப்ரவரி 16, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்திருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது.

சோதனைக் கணினியில் தேதியை 29 என்று வைத்து அந்த இரட்டை மணியை ஓட்டிப் பார்த்தோம். தரவுத்தளம் சரியாகத்தான் இருக்கிறது; இரண்டு பதினொரு மணியும் வேறு வேறு என்று அதற்கு இப்போது தெரியும். கூண்டு வாசலில் இருக்கும் கருவிக்குத் தெரியாது. அது வெறுமனே "பதினொன்று பத்து" என்று அனுப்புகிறது. முதல் பதினொன்று பத்தா, இரண்டாவதா? அந்தக் கூடுதல் சேதி இல்லை. சேதி இல்லாவிட்டால் தரவுத்தளம் முதலாவது என்றே எடுத்துக்கொள்கிறது.

நான்கு ஆட்களைக் கற்பனையாக உள்ளே விட்டேன். மூன்று பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்காம் ஆள் கீழே இருந்தான். முதல் சுற்றில் பதினொன்று நாற்பதுக்கு மேலே வந்தான். கடிகாரம் பின்னால் போனது. இரண்டாம் சுற்றில் பதினொன்று பத்துக்கு மறுபடி கீழே போனான். மென்பொருள் நேரப்படி வரிசையாக்கியது: பத்துக்குக் கீழே, நாற்பதுக்கு மேலே. ஆக, கடைசியாக மேலே வந்திருக்கிறான்.

கீழே இருக்கிற மனிதன். திரையில் பச்சை.

வாதிம் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "சரி, தப்புதான். ஆனா ஒராஸ்பெக் அமனோவிச், ஒரே மணி நேரத்துல மேல வந்து திரும்பக் கீழ போறவன் எவன்? கூண்டு என்ன ஊஞ்சலா?"

மின்பழுது பார்ப்பவன் போவான். உதிரிப் பாகம் எடுக்க மேலே வருவான், எடுத்துக்கொண்டு இறங்குவான். தாஸ்தான் வாரத்தில் ஒரு முறையாவது அப்படிச் செய்கிறான்.

பிப்ரவரி 19, திங்கள்

இதற்கும் ஒரு பேட்ச் இருக்கிறது. மூன்று வாரம் முன்பே நான் விடுவது குவியலில் போட்டிருக்கிறேன்! குறிப்பு இவ்வளவுதான்: "ஒத்த நேரப் பதிவுகளை வந்து சேர்ந்த வரிசைப்படி அடுக்கும் வசதி. விருப்பத் தேர்வு." படித்தவன் எவனுக்கு இதில் சுரங்கம் தெரியும்?

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாதிமும் நானும் அதைப் போட்டுச் சோதித்தோம். திரை சரியானது. நான்காம் ஆள் சிவப்பில் நின்றான். சம்பளக் கணக்கு கவிழ்ந்தது. அது இதே பதிவுகளைத்தான் பயன்படுத்துகிறது. ஒருவர் இரவுமுறையில் பூஜ்யத்துக்கும் குறைவான நேரம் வேலை செய்ததாகச் சொன்னது. அதைச் சரிசெய்யும் திருத்திய பதிப்பு ஏப்ரலில்தான் வரும்.

இன்று மூவரும் உட்கார்ந்தோம்.

"ஒரு மணி நேரத்துக்காக மொத்த சம்பளத்தையும் ஒடைக்க முடியாது அகாய்" என்றான் சஞ்ஜார். அவன் சொல்வதில் தவறில்லை.

"அப்ப அந்த ஒரு மணி நேரம் கூண்டை நிறுத்தச் சொல்லு. யாரும் ஏறவும் வேண்டாம், எறங்கவும் வேண்டாம்."

"அது நல்ல யோசனை" என்றார் வாதிம். "ரொம்ப மலிவான பேட்ச்."

சுரங்க இயக்குநரிடம் கேட்பதாகச் சஞ்ஜார் சொன்னான். அந்த நம்பிக்கையில் தாளில் "விடுவது, ஏப்ரல் வரை" என்று எழுதினோம். மூவரும் கையெழுத்துப் போட்டோம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

இயக்குநர் மறுத்துவிட்டார். என்னையும் சஞ்ஜார் கூட்டிப்போயிருந்தான்.

"மார்ச் ஒண்ணு காலையில தலைநகர்லருந்து ஆளுங்க வராங்க, புதுத் திரையைப் பாக்க. முதல் நாள் ராத்திரி கூண்டு ஏன் நின்னுச்சுன்னு கேட்டா என்ன சொல்லட்டும்? ஆசிரியர் ஒரு புதிர் போட்டாருன்னா?"

"குறைந்தபட்சம் விளக்கறையில ஒரு அறிவிப்பு ஒட்டலாம்" என்றேன். "ஆட்களைக் கையால எண்ணச் சொல்லலாம்."

"அறிவிப்பா?" எழுந்தே விட்டார். "இருபத்தொன்பதாம் தேதி, லீப் வருஷம். இப்பவே பாதிப் பேரு 'புனித காசியான் நாள், கெட்டது நடக்கும், ஆகாது'ன்னு முதுகு வலி சொல்லிக்கிட்டு இருக்கான். இதுல அந்த ராத்திரி மணி ரெண்டு தடவ வரும், திரை தப்பாக் காட்டும்னு ஒட்டினா எவன் எறங்குவான்? விளக்கறைக்கு ஒரு வார்த்தை போகக் கூடாது. ரெண்டு பேருக்கும் சொல்றேன்."

வெளியே வந்து சஞ்ஜார் என் முகத்தைப் பார்க்காமல் சிகரெட் பற்றவைத்தான். அவன் புகைப்பது எனக்குத் தெரியாது என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

பிப்ரவரி 25, ஞாயிறு

புதியது ஏறிவிட்டது. எடுப்பது குவியலில் ஒன்றுகூடத் தகராறு செய்யவில்லை. வாதிம் எல்லோருக்கும் கேக் வாங்கினார்.

திரையில் எல்லாப் பெயரும் சிவப்பும் பச்சையுமாகப் பளிச்சென்று இருக்கின்றன. அழகாகத்தான் இருக்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 27, செவ்வாய்

விளக்கறைக்குப் போனேன். அங்கே பொறுப்பாளர் எர்னா கார்லோவ்னா. கீழே போனவர்களை எண்ணுவதற்காகப் பித்தளை வில்லைகள் தொங்கிய பலகையைக் கழற்றிவிட்டார்கள். அந்தச் சுவரில்தான் திரை. அவள் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"என்ன அகாய், பெஞ்சு மேல உக்காந்து திரையையே மொறைக்கறீங்க? அதுக்குப் பரீட்சை வைக்கறீங்களா?"

"ஆமா."

"பாசாயிடுச்சா?"

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. கதவருகே முறை முடிந்து வந்தவர்கள் விளக்கைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த அல்மாட்டிக்காரர் பார்வையாளருக்குன்னு நான் வச்சிருக்கிற விளக்கு ஒண்ணையும் ஒழுங்கா திருப்பித் தரதில்ல. சில்லு சோதிக்கணும்னு மேசைக்கு எடுத்துட்டுப் போறாரு. கேட்டா 'நாளைக்கு எர்னா கார்லோவ்னா, நாளைக்கு'ங்கறாரு. கொஞ்சம் சொல்லி வையுங்க."

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 28, புதன்

தாஸ்தானிடம் சொல்லிவிட்டேன். அவனிடம் மட்டும்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "நாளைக்கு ராத்திரி கீழ போனா போன எடத்துலயே இரு. என்ன உடைஞ்சாலும் சரி. காலையில முறை முடிஞ்சுதான் மேல வரணும்."

"என்னப்பா, நீங்களும் காசியான் நாள் பாக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

"சொன்னதைக் கேளு."

"உதிரிப் பாகம் வேணும்னா?"

"வேற யாரையாவது எடுத்துட்டு வரச் சொல்லு."

சிரித்தான். ஆனால் என் குரலைக் கேட்டுத் தலையாட்டினான். படுக்கும்போது ஸாவ்ரே சொன்னாள்: "இப்பவாவது தூங்குங்க. சொல்லியாச்சுல்ல."

பிப்ரவரி 29, வியாழன்

பனிப்புயல். தாஸ்தான் கிளம்பிவிட்டான். நான் ஜன்னலோரம்.

மார்ச் 1, வெள்ளி

காலை ஏழு மணிக்குத் தாஸ்தான் வீட்டுக்கு வந்துவிட்டான். கறுத்த முகம், வெள்ளைப் பல். நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

"ராத்திரி ரெண்டு மணி வாக்குல கீழ காத்து தள்ற பெரிய காத்தாடி நின்னு போச்சு, அப்பா. புயல்ல மின்கம்பி விழுந்துடுச்சாம். எல்லாருக்கும் விளக்கு சிமிட்டுச்சு. வரிசையா ஏறி வந்துட்டோம். ஒரு ஆளுகூட பாக்கி இல்லன்னு திரை காட்டுச்சு. உங்க மென்பொருள் நல்லாத்தான் வேலை செய்யுது."

அவன் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, லேசான மனதோடு வேலைக்குப் போனேன். நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. தலைநகர் ஆட்கள் புயலால் தாமதமாம். எங்கள் அறையில் யாரும் இல்லை. வாதிமின் நீலக் கோட்டு நாற்காலி முதுகில் தொங்கியது. எங்கேயோ திரையருகில் நிற்பார் என்று நினைத்தேன்.

எட்டு மணிக்குக் கோட்டுக்குள் தொலைபேசி ஒலித்தது.

நின்றது. மறுபடி ஒலித்தது.

எங்கள் சுரங்கத்தில் தொலைபேசியைக் கீழே கொண்டுபோகக் கூடாது. தீப்பொறி வரும். கீழே போகிறவர்கள் மேலே வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

அது ஒலித்துக்கொண்டே இருந்தது. நான் எடுத்துப் பார்த்தேன். வார்யா என்று இருந்தது.

எப்படி விளக்கறைக்கு ஓடினேன் என்று தெரியவில்லை. "எர்னா, வாதிமோட பதிவைத் தெற, வாதிமோட பதிவு" என்று கத்தினேன். அவள் திறந்தாள். கடைசி இரண்டு வரி: கீழே பதினொன்று பத்து. மேலே பதினொன்று நாற்பது. பச்சை.

"மேலதான் இருக்காரே அகாய்."

"இல்லம்மா. இல்ல. இது தலைகீழ்."

"விளக்கு ஒண்ணு கொறையுது... எப்பவும் போல மேசையில வச்சிருப்பாருன்னு..."

மேசையில் விளக்கு இல்லை. நான் அங்கிருந்துதான் வந்தேன்.

மார்ச் 1, மாலை

மீட்புப் படையினர் பத்து மணிக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். கூண்டு வந்து நிற்கும் கீழ்நிலையத்துக்குப் பக்கவாட்டில், பழைய பம்பு அறையில். கீழே இருக்கும் கருவியின் பெட்டி அங்கேதான். கதவு சாத்தியிருந்தது. காற்றாடி நின்றதும் அந்த அறையில்தான் முதலில் கெட்ட காற்று நிறைந்திருக்கிறது. எல்லார் விளக்கும் சிமிட்டியது. அவர் விளக்கு சிமிட்டவில்லை.

ஸாவ்ரேயின் காலுறைதான் போட்டிருந்தாராம்.

மார்ச் 3, ஞாயிறு

தாஸ்தான் இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று சமையலறையில் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"கீழ கருவி நின்னு போச்சு, அப்பா. வாதிம் அங்க வந்து பாத்துட்டு, 'அட்டை போயிடுச்சு, மேல என் அலமாரில புதுசு இருக்கு, நீ போயி எடுத்துட்டு வரியா?'ன்னாரு. அது என் வேலைதான். நான் போயிருக்கணும்."

நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கப்பா இன்னிக்கு மேல வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காருன்னேன். அவரு உடனே புரிஞ்சுக்கிட்ட மாதிரி சிரிச்சாரு. 'நாலாம் ஆளா நீ? சரி சரி, உங்கப்பா சொன்னா கேட்டுத்தான் ஆகணும்'னுட்டு அவரே போனாரு. போயி அரை மணில திரும்பி வந்தாரு. நீ உன் பகுதிக்குப் போ, நான் மாட்டிட்டு வரேன்னாரு. காத்தாடி நின்னப்போ கூண்டுகிட்ட நான் கேட்டேம்பா. அல்மாட்டிக்காரரு எங்கன்னு கேட்டேன். மேலருந்து சொன்னாங்க, பதினொன்னு நாப்பதுக்கே வந்துட்டாரு, திரைல இருக்குன்னு. நேரத்தோட சொன்னாங்க. நம்பிட்டேன்."

நான்காம் ஆள் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே போனாரா? காலையில் ஆட்கள் வரும்போது கருவி ஓட வேண்டும் என்ற அவசரத்தில் தன்னையும் அந்தக் கணக்கில் சேர்க்க மறந்தாரா? நாமெல்லாம் அப்படித்தான். கணக்குப் போடுகிறவன் தன்னை எண்ணுவதில்லை.

"அப்பா, நீங்க என்கிட்ட மட்டும் ஏன் சொன்னீங்க?"

இதற்கு நான் என்ன சொல்வேன்? நீ என் புள்ள. அதான். வேற என்னடா சொல்லுவேன்.

மார்ச் 5, செவ்வாய்

வாதிமின் மனைவி இன்னா வந்திருந்தாள். கோட்டையும் தொலைபேசியையும் வாங்கிக்கொண்டாள். "கடைசியா என்ன வேலை பாத்துக்கிட்டு இருந்தாரு?" என்று கேட்டாள். சஞ்ஜார் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தினான். நான் சொன்னேன். எல்லாவற்றையும். எந்தத் தாளில் யார் யார் கையெழுத்து என்பதுவரை. யாரிடம் சொன்னேன், யாரிடம் சொல்லவில்லை என்பதையும்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அந்தக் காலுறை உங்க வீட்டுதா?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 12, செவ்வாய்

விசாரணைக்குழு. "ஒப்பந்த ஊழியர் உரிய அனுமதியின்றி மீண்டும் இறங்கினார்" என்று அவர்கள் முதலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். நான் சோதனையை அவர்கள் முன் ஓட்டிக் காட்டினேன். நான்காம் ஆள் கீழே போனான், பச்சையானான். மூன்று முறை ஓட்டச் சொன்னார்கள். இயக்குநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சஞ்ஜார் எழுந்து, "கூண்டை நிறுத்தச் சொல்லி நாங்க கேட்டோம்" என்றான். உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தான்.

மார்ச் 22, வெள்ளி

நவ்ரூஸ், எங்கள் வசந்தப் புத்தாண்டு. எங்கள் வீட்டில் பண்டிகைக் கஞ்சியான கோஜே காய்ச்சவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

வாதிம் இறந்து இன்று நாற்பதாம் நாள். எர்னா மெழுகுவத்தி ஏற்றினாள், ஸாவ்ரே ரொட்டி சுட்டுக் கொடுத்தனுப்பினாள். இயக்குநர் மாறிவிட்டார். சஞ்ஜார் பதவியிலிருந்து இறங்கி, பழைய மேசைக்கே வந்து சாதாரண வேலை பார்க்கிறான். தாஸ்தான் இன்னும் கீழேதான் போகிறான். என்னிடம் கேட்காமல் போகிறான், கேட்காமல் வருகிறான்.

பித்தளை வில்லைப் பலகையைத் திரைக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறார்கள். வரிசை பேட்சின் திருத்திய பதிப்பு நேற்று வந்தது. சம்பளக் கணக்கு கவிழவில்லை. போட்டுவிட்டோம். இனி எந்த இரவும் பதினொரு மணி இரண்டு முறை வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த தொகுதி பேட்ச்கள் மேசையில் இருக்கின்றன. மறுபடி மூன்று குவியல். அல்மாட்டியிலிருந்து வந்திருக்கும் புதுப் பெண் வேகமாகப் பிரிக்கிறாள். ஒன்றைக் கையில் எடுத்து, "இது விருப்பத் தேர்வுதான், விட்டுடலாமா அகாய்?" என்றாள். அதன் பக்கத்தில் ஒரு பெயரை எழுதச் சொல்லிப் பேனாவை அவளிடம் கொடுத்தேன். பாடம் எதுவும் எடுக்கவில்லை. அவள் எழுதும்வரை காத்திருந்தேன்.

இதை என்றாவது யாராவது படித்தால், நீங்களும் செய்து பாருங்கள். எதையாவது விடலாம் என்று கையெழுத்துப் போடும் முன், அதன் பக்கத்தில் அதனால் கெடக்கூடிய ஒரு மனிதரின் பெயரை எழுதுங்கள். அது உங்கள் வீட்டுப் பெயராக இருக்க வேண்டாம்.